பிபிசி மைக்ரோவுக்கு ஒரு எஸ்டி கார்டு பெட்டி: உப்புக்காற்றுக்குத் தாங்கும்படி

1984-இல் இந்தியப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் வந்தபோது அதோடு வந்த மெஷின் பிபிசி மைக்ரோ. இங்கே எஸ்சிஎல் யூனிகார்ன் என்ற பெயரிலும் அது வெளியானது. பள்ளிக் கிடங்குகளிலிருந்தும் பழைய சாமான் கடைகளிலிருந்தும் இன்றும் ஒன்றிரண்டு வெளியே வருகின்றன. கீபோர்டு நன்றாக இருக்கும், திரையில் எழுத்தும் வரும். ஃப்ளாப்பிதான் பிரச்சினை. டிரைவின் பெல்ட் இளகியிருக்கும், டிஸ்க்கில் பூஞ்சை பிடித்திருக்கும். அதனால்தான் எஸ்டி கார்டு.

கார்டை மெஷினோடு சேர்க்கும் சர்க்யூட் சின்னது, ஒரு மாலையில் முடியும். கை வைக்க வேண்டியது பெட்டியில். கார்டைச் சொருகும்போது விரல் கொடுக்கும் தள்ளு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பெட்டியின் ஆயுசு. அந்தத் தள்ளை ஈயப்பற்று தாங்கினால் சில மாதம், உலோகம் தாங்கினால் பல வருஷம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது: உப்புக்காற்று. கீழே சொல்லும் ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டையும் மனதில் வைத்துத் தேர்ந்தது.

முதலில் மெஷினைப் பாருங்கள்

பெட்டி வேலையைத் தொடங்குமுன் மெஷினின் பவர் சப்ளையைத் திறந்து, மெயின்ஸ் பக்கம் இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர்களைப் பாருங்கள். தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி மேலுறையோடு இருந்து, அந்த உறையில் முடிக்கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். வெடிப்பு வழியே ஈரம் இறங்கி, ஒரு நாள் பட்டென்று வெடித்து அறை முழுக்கப் புகை நிறையும். கடலோரத்தில் அது சீக்கிரமே நடக்கும். 0.1 மைக்ரோஃபாராட் ஒன்றும் 0.01 மைக்ரோஃபாராட் ஒன்றும், எக்ஸ்2 வகையில், 275 வோல்ட் ஏசி தாங்குவதாக வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கபாசிட்டரில் மின்சாரம் வடிந்துவிட்டதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். இந்த வேலை பழக்கமில்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்து, மெஷினைக் கவிழ்த்தால் முன்விளிம்புக்கு அடியில் வரிசையாகக் கனெக்டர்கள் தெரியும். பின் எண்ணிக்கையை வைத்தே அடையாளம் காணலாம்: பிரிண்டருக்கு 26, டிஸ்க் டிரைவுக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கும் 34, இரண்டாவது பிராசசரை இணைக்கும் டியூபுக்கு 40. இருபது பின் இருப்பது ஒன்றே ஒன்றுதான், யூசர் போர்ட். நமக்கு வேண்டியது அதுதான். அதன் பின்களைக் காதில் போட்டுத் துடைக்கும் பட்ஸில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். பட்ஸ் பச்சையாக வந்தால் வெள்ளையாக வரும் வரை விடக்கூடாது.

வாங்க வேண்டியவை

எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும். தகடு, ஆங்கிள், ஸ்க்ரூ, ஹைலம் (மின்சாரம் கடத்தாத விறைப்பான ஷீட்) ஆகியவற்றுக்குப் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்கள் போதும்.

முழு அளவு எஸ்டி கார்டு மாட்யூல் ஒன்று, 3.3 வோல்ட் ரெகுலேட்டர் அதிலேயே இருப்பதாக. 74எச்சி4050 ஐசி ஒன்று, அதற்கு 16 பின் சாக்கெட் ஒன்று. பெர்ஃப் போர்டு 45க்கு 30 மி.மீ. துண்டு. 47 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 100 ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று. 100 நானோஃபாராட் செராமிக் கபாசிட்டர் இரண்டு, 10 மைக்ரோஃபாராட் ஒன்று, 47 மைக்ரோஃபாராட் ஒன்று. இருபது கம்பி ரிப்பன் கேபிள் 40 செ.மீ., அதற்கு இருபது பின் ஐடிசி பெண் கனெக்டர் (வைஸில் அமுக்கி ரிப்பனில் பொருத்தும் வகை) ஒன்று. கனெக்டரின் ஒரு பக்கத்தில் நடுவே சின்னப் புடைப்பு இருக்க வேண்டும். அது இல்லாத கனெக்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போய்விடும்.

பெட்டிக்கு: 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, 12க்கு 12க்கு 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள் கால் மீட்டர், 3 மி.மீ. ஹைலம் ஷீட் உள்ளங்கை அளவு, அதில் 1.5 மி.மீ. பட்டை ஒன்று. 6 மி.மீ. உயர நைலான் ஸ்பேசர் ஐந்து, அதே உயரத்தில் பித்தளை ஸ்பேசர் ஒன்று. எம்3 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ 6 மி.மீ. நீளத்தில் இருபது, கேபிள் கிளாம்புக்கு 12 மி.மீ. நீளத்தில் நட்டோடு இரண்டு, நைலான் வாஷர் ஒரு பொட்டலம், 3.2 மி.மீ. அலுமினிய பாப் ரிவெட் நான்கு, ரப்பர் பாதம் நான்கு.

தகட்டில் இரும்பு வேண்டாம். பவுடர் கோட்டிங் கொடுத்த இரும்புப் பெட்டி கடையில் பார்க்க அழகுதான். ஆனால் கார்டு ஸ்லாட்டுக்காக நீங்கள் வெட்டும் விளிம்பில் பெயின்ட் இருக்காது. ஐப்பசி மழை ஒன்று போனால் அந்த விளிம்பில் துரு தொடங்கி, பெயின்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து உள்ளே போகும். துருப்பொடி விழும் இடமோ கார்டு கான்டாக்ட். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி துருப்பிடிக்காது, வெட்டவும் சுலபம். ஆனால் மெல்லிய சுவரில் ஸ்க்ரூ மரை நாலாவது தடவை கழற்றும்போது தேய்ந்துவிடும். உங்களுக்கு அது போதுமென்றால் குறையொன்றுமில்லை, கீழே வரும் பின்தாங்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கார்டு விஷயத்தில் பெரிசு வாங்கிப் பிரயோசனமில்லை. ஒரு பிபிசி டிஸ்க் பிம்பம் 80 டிராக், டிராக்குக்கு 10 செக்டார், செக்டாருக்கு 256 பைட் என்று 2,04,800 பைட்தான். அப்படி 511 டிஸ்க் சேர்ந்த முழுக் கோப்பே சுமார் 100 எம்பி. பழைய டிஜிட்டல் கேமராவில் கிடந்த 2 ஜிபி கார்டு இருந்தால் அதுவே உசிதம்.

சர்க்யூட்

யூசர் போர்ட்டின் அமைப்பு இது. சிபி, பிபி என்பவை அதன் சிக்னல் கம்பிகளின் பெயர்கள். பின் 1, 3 இரண்டும் 5 வோல்ட். பின் 2 சிபி1, பின் 4 சிபி2, பின் 6 பிபி0, பின் 8 பிபி1. பின் 5, 7, 9 எனத் தொடர்ந்து ஒற்றைப்படை எல்லாம் பூஜ்ய வோல்ட், அதாவது கிரவுண்ட். ரிப்பனில் கம்பிகள் 1, 2, 3 என்று வரிசையாக ஓடுவதால் பிபி0 கம்பியும் கிளாக் ஓடும் பிபி1 கம்பியும் இரண்டிரண்டு கிரவுண்ட் கம்பிகளுக்கு நடுவே வந்துவிடுகின்றன. கவசம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கெடுக்காமல் 1 முதல் 9 வரை உள்ள கம்பிகளை வைத்துக்கொண்டு, 10 முதல் 20 வரை உள்ளவற்றைப் பெட்டிப் பக்கம் வெட்டிவிடுங்கள். வெட்டும்போது ஒரே கோட்டில் வெட்டாமல் படிக்கட்டு மாதிரி ஏற்றி இறக்கி வெட்டினால் முனைகள் ஒன்றையொன்று தொடாது.

மெஷின் பேசுவது 5 வோல்ட், கார்டு பேசுவது 3.3. கடையில் கிடைக்கும் முழு அளவு மாட்யூல்களில் பெரும்பாலும் ரெகுலேட்டர் இருக்கும், சிக்னலை இறக்கும் ஐசி இருக்காது. "5 வோல்ட் மாட்யூல்" என்று சொல்லி விற்பது மின்சாரத்தை மட்டும் வைத்துத்தான். அதை நம்பி பிபி0-வை நேரே கார்டுக்குக் கொடுத்தால் கார்டு கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டு பிறகு செத்துப்போகும்.

4050 இந்த வேலைக்கென்றே அமைந்த ஐசி. 3.3 வோல்ட்டில் ஓடும்போதும் உள்ளே வரும் 5 வோல்ட் சிக்னலைத் தாங்கும். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பதினாறு பின் ஐசி என்றால் பவர் 16-இல்தான் என்று கை தானாகப் போகும். 4050-இல் பவர் பின் 1-இல். கிரவுண்ட் வழக்கம்போல் 8. பின் 13-க்கும் 16-க்கும் உள்ளே எந்த இணைப்பும் இல்லை. சிடி4050 என்ற பழைய வகை 3.3 வோல்ட்டில் மந்தமாக ஓடும், கேட்டு வாங்கும்போது 74எச்சி என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இணைப்புகள்: பிபி0 வந்து ஐசியின் பின் 3-இல் சேரும். பின் 2-இலிருந்து 47 ஓம் வழியாக மாட்யூலின் மோசி, அதாவது கார்டுக்குத் தரவு போகும் பின். பிபி1 ஐசியின் பின் 5-இல் சேரும். பின் 4-இலிருந்து இன்னொரு 47 ஓம் வழியாக மாட்யூலின் கிளாக். கார்டிலிருந்து தரவு வரும் பின்னான மாட்யூலின் மிசோவிலிருந்து 100 ஓம் வழியாக நேரே சிபி2. அந்த மிசோவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம். கார்டைத் தேர்ந்தெடுக்கும் பின்னான மாட்யூலின் சிஎஸ் கிரவுண்டுக்கு. பயன்படாத உள்ளீடுகளான 7, 9, 11, 14 நான்கும் கிரவுண்டுக்கு. தொங்கவிட்டால் ஐசி காரணமில்லாமல் ஆட்டம் போடும்.

சிபி1-ஐ மறக்க வேண்டாம். கார்டிலிருந்து வரும் பிட்டுகளைக் கூட்டிச் சேர்ப்பது மெஷினுக்குள் இருக்கும் 6522 ஐசியின் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். அதற்குக் கிளாக் சிபி1 வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே பிபி1-ஐயும் சிபி1-ஐயும் பெட்டிக்குள், 4050-க்கு முன்னால், 5 வோல்ட் பக்கத்திலேயே சேர்த்துப் பற்றவையுங்கள். ஐசிக்குப் பின்னால் சேர்த்தால் 5 வோல்ட் பக்கமும் 3.3 வோல்ட் பக்கமும் மோதும்.

5 வோல்ட் கம்பிகள் இரண்டும் மாட்யூலின் 5 வோல்ட் பின்னுக்கு. மாட்யூலின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து 4050-இன் பின் 1-க்கு எடுக்க வேண்டும். இந்த இரண்டு பின்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எழுத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு ஈயம் வையுங்கள். 100 நானோஃபாராட் ஒன்று ஐசியின் பவர் காலடியில், மற்றது மாட்யூலின் 3.3 வோல்ட்டில். 10 மைக்ரோஃபாராட் அதே 3.3 வோல்ட்டில், 47 மைக்ரோஃபாராட் 5 வோல்ட் நுழையும் இடத்தில். கார்டு திடீரென்று இழுக்கும் மின்சாரத்தை இவைதான் சமாளிக்கும்.

தகடு வேலை

பெட்டி இரண்டு துண்டு. அடித்துண்டு முன்பலகை, தரை, பின்பலகை மூன்றும் சேர்ந்த ப வடிவம். மேல்துண்டு இடச்சுவர், கூரை, வலச்சுவர் சேர்ந்த கவிழ்த்த ப. வெளியளவில் அடித்துண்டு 28, 100, 28 மி.மீ., அகலம் 80. மூடி 29, 83.5, 29 மி.மீ., நீளம் 102. மூடி இரு முனையிலும் ஒரு மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூசும் ஜன்னல் சாரலும் ஸ்லாட்டில் நேரே விழாமல் தாழ்வாரம் மாதிரி நிற்க அது போதும்.

தகட்டை வெட்டும் அளவு இந்தக் கூட்டுத்தொகை அல்ல. மடிக்கும்போது தகடு நீளும். 1.5 மி.மீ. அலுமினியத்தை 1.5 மி.மீ. உள்வளைவில் 90 டிகிரி மடித்தால் மடிப்புக்கு ஏறத்தாழ 2.7 மி.மீ. கழிக்க வேண்டும். இரண்டு மடிப்புக்கு 5.4. ஆக அடித்துண்டு 150.6க்கு 80, மூடி 136.1க்கு 102. பட்டறையில் டை மாறினால் இந்தக் கணக்கும் மாறும் என்பதால் முதலில் ஒரு கழிவுத் துண்டை மடித்து அளந்து பாருங்கள். "தம்பி, உள்ளளவா வெளியளவா?" என்று பட்டறைக்காரர் கேட்பார். "வெளியளவுண்ணே, பெண்டுக்குக் கழிச்சுத்தான் வெட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தன் பங்குக்கு இன்னொரு முறை கழித்துவிடுவார். தகடு வாங்கும்போது மடிக்க ஏற்ற மெதுவான ரகமாகக் கேளுங்கள், 1100 அல்லது 5052. விறைப்பான 6061 ரகம் மடிப்பில் வெடிக்கும்.

ஸ்லாட்டை மடிப்பதற்கு முன்பே, தகடு தட்டையாக இருக்கும்போதே வெட்டுங்கள். மடித்த பிறகு அரம் உள்ளே போகாது. உயரத்தை எப்போதும் முன்பலகையின் மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து அளந்தால் அந்த 2.7 மி.மீ. குழப்பம் ஸ்லாட்டிலும் வந்து உட்காரும். தரைத் தகடு 1.5, ஸ்பேசர் 6, மாட்யூல் போர்டு 1.6, அதன்மேல் கார்டின் நடு ஏறத்தாழ 1.7. கூட்டினால் 10.8. ஆக மேல் விளிம்பிலிருந்து 17.2 மி.மீ. இறங்கி ஸ்லாட்டின் நடுக்கோடு வரும். மாட்யூலுக்கு மாட்யூல் அந்தக் கடைசி 1.7 மாறும். கார்டைச் சொருகி வைத்து வெர்னியரால் அளந்து, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்டி கார்டு 24 மி.மீ. அகலம், 2.1 மி.மீ. தடிமன். ஸ்லாட் 26க்கு 3.2 இருக்கட்டும். நடுக்கோட்டில் 3.3 மி.மீ. இடைவெளியில் எட்டுப் புள்ளி குறித்து, சென்டர் பஞ்சால் லேசாக அடித்து, 2.5 மி.மீ. பிட்டால் எட்டுத் துளை போடுங்கள். அடியில் மரக்கட்டை கட்டாயம். பிட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொள்ளாது. துளைகளுக்கு நடுவே மிஞ்சும் முக்கால் மி.மீ. சுவர்களைத் தட்டை நீடில் ஃபைலால் அறுத்து ஒரே பிளவாக்கி, பிறகு கோடு வரை ராவுங்கள். கடைசி கால் மி.மீ.க்குக் கார்டையே அளவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் நல்ல கார்டை அல்ல, செத்த கார்டை. வெளி விளிம்பை 45 டிகிரியில் மழித்துவிட்டால் கார்டு தானாக வழிகண்டு உள்ளே போகும். உள் விளிம்பின் பிசிறை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் கார்டும் மாட்டும்.

பின்பலகையில் ரிப்பனுக்கு 14க்கு 2 மி.மீ. பிளவு. ஒன்பது கம்பி சேர்ந்த அகலம் 11.4 மி.மீ.தான்.

தள்ளு எங்கே போகிறது

அடித்தகட்டின் இரு ஓரத்திலும் 80 மி.மீ. நீள ஆங்கிளை வெளி முகம் தகட்டு விளிம்போடு ஒட்டும்படி வைத்து, ஓரத்துக்கு இரண்டு பாப் ரிவெட் அடியுங்கள். ஆங்கிளின் அடியிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 டேப் ஓட்டினால் மூடிக்கு மரை தயார். மூடியில் அதற்கு நேராக, கீழ் விளிம்பிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் 3.4 மி.மீ. துளை. அலுமினியத்தில் டேப் ஓட்டும்போது அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று போனால் சுருள் உடைந்து விழும். ஒரே மூச்சில் ஓட்டினால் டேப் உள்ளேயே ஒடியும்.

மாட்யூலை ஸ்பேசர்மேல் வைத்து, சாக்கெட்டின் வாய்க்கும் முன்பலகையின் உள்முகத்துக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். சொருகிய கார்டு பெட்டிக்கு வெளியே குறைந்தது 6 மி.மீ. தெரிய வேண்டும், அப்போதுதான் விரலில் பிடி கிடைக்கும். தெரியவில்லையென்றால் ஸ்லாட்டின் நடுவில் 16 மி.மீ. விட்டத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு.

இனி பின்தாங்கி. சில மாட்யூலில் ஸ்க்ரூத் துளை இரண்டுதான் இருக்கும். இருக்கும் துளையும் ஸ்க்ரூவைவிடப் பெரிசாக இருந்தால் ஒவ்வொரு சொருகலிலும் போர்டு அரை மி.மீ. பின்னால் நகர்ந்து திரும்பும். அந்த அரை மி.மீ. ஆட்டத்தை வாங்குவது பின்பக்கம் பற்றவைத்த கம்பிகள். ஐம்பது சொருகலில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை வட்டமாகக் கறுப்புக் கோடு விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஈயம் பின்னைச் சுற்றிக் குழியாக விலகி நிற்பது தெரியும். அதன் பிறகு கார்டு படிக்கும், படிக்காது, மேசையைத் தட்டினால் படிக்கும். இது வராமலிருக்க, மிஞ்சிய ஆங்கிளில் 20 மி.மீ. துண்டு வெட்டி, மாட்யூல் போர்டின் பின்விளிம்பு அதன் நிமிர்ந்த முகத்தில் முட்டும்படி அடித்தகட்டில் இரண்டு எம்3 ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். நடுவே 1.5 மி.மீ. ஹைலம் பட்டை, பின்களை ஆங்கிள் தொடக்கூடாது என்பதற்காக. அந்த ஆங்கிளின் துளைகளை நீளவாக்கில் கொஞ்சம் ராவி வைத்தால் போர்டோடு நெருக்கி முடுக்க முடியும். இப்போது விரலின் தள்ளு கார்டு, சாக்கெட், போர்டு, ஆங்கிள், தகடு என்று போய் மேசையில் முடிகிறது.

சாக்கெட்டின் உலோக உறையைப் போர்டோடு பிடித்திருக்கும் காதுகளையும் பாருங்கள். ஈயம் கஞ்சத்தனமாக இருந்தால் தாராளமாக இன்னொரு முறை பற்றவையுங்கள்.

கேபிளுக்கு இரண்டு ஹைலம் துண்டு, 30க்கு 8 மி.மீ. நடுவே ரிப்பனை வைத்து இரு முனையிலும் 12 மி.மீ. ஸ்க்ரூவால் தரையோடு முடுக்குங்கள். இந்த ஸ்க்ரூ ரிப்பனைத் துளைக்கக்கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும். கிளாம்புக்கும் போர்டுக்கும் நடுவே கம்பி கொஞ்சம் தளர்வாகத் தொங்கட்டும். வெளியே கேபிள் 30 செ.மீ. போதும். 40-ஐத் தாண்டினால் கிளாக் சிக்னல் அலைபாயும்.

உப்பு

உப்புக்காற்றில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் தோற்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ பளபளவென்று இருக்க, அதைச் சுற்றிய அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பொடியாக உதிரும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஸ்க்ரூத் தலைக்கும் நைலான் வாஷர், மரையில் துளி கிரீஸ். ஸ்பேசரும் நைலான். பித்தளை ஸ்பேசர் ஒன்று மட்டும், பெட்டியைக் கிரவுண்டோடு இணைக்க. அது உட்காரும் இடத்தில் தகட்டை எமரித்தாளால் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். கிரவுண்ட் இணைப்பு இந்த ஓர் இடத்தில் போதும்.

மாட்யூலின் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். 1117 வகையில் அதன் அகலமான உலோகக் காது கிரவுண்ட் அல்ல, 3.3 வோல்ட். மூடியோ ஸ்க்ரூவோ அதைத் தொட்டால் ஷார்ட்.

பற்றவைத்து முடித்ததும் ஃப்ளக்ஸை ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். கழுவாத ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுக்கும். அடுத்த மழைக்காலத்தில் செம்புக் கம்பியின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறும். காய்ந்த பிறகு, கான்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு. சாக்கெட் வாயையும் ஐசி சாக்கெட்டையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். மறைக்காமல் அடித்தால் கான்டாக்ட் மேலேயே படலம் உட்கார்ந்து கார்டு ஒருநாளும் படிக்காது.

உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போடுவது வீண் வேலை. ஸ்லாட் திறந்தே இருக்கிறது, பொட்டலம் சில நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும். அதற்குப் பதில் மெஷின் ஓடாதபோது செத்த கார்டு ஒன்றை ஸ்லாட்டில் சொருகி வையுங்கள். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசு படியும் வீடுகளுக்கு இது இன்னும் அவசியம்.

பெயின்ட் உங்கள் விருப்பம். அடிப்பதானால் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் இல்லாமல் அடிக்க வேண்டாம், நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

மெஷினில் சொருகாமல், கார்டும் இல்லாமல், மீட்டரை எடுங்கள். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் பீப் வரக்கூடாது. 3.3-க்கும் கிரவுண்டுக்கும் வரக்கூடாது. பெட்டித் தகட்டுக்கும் 3.3-க்கும் வரக்கூடாது. பெட்டிக்கும் கிரவுண்டுக்கும் வர வேண்டும். ஐடிசி கனெக்டரில் பின் 1-க்கும் 3-க்கும் வர வேண்டும், 3-க்கும் 5-க்கும் வரவே கூடாது. இந்த இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருப்பவை. வைஸில் கனெக்டரை அமுக்கும்போது ரிப்பன் கோணலாகப் போயிருந்தால் ஷார்ட் ஆவது இங்கேதான். சிபி1-க்கும் பிபி1-க்கும், அதாவது 2-க்கும் 8-க்கும் பீப் வந்தால் அந்த இணைப்பும் சரி.

பிறகு மெஷினில் சொருகி, கார்டு இல்லாமலே ஆன் செய்யுங்கள். 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில், 3.3 வோல்ட் 3.2-க்கும் 3.4-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 4050-இன் பின் 2, பின் 4 இரண்டிலும் 3.4-ஐத் தாண்டக்கூடாது. ஆன் செய்யும்போது வழக்கமான இரட்டை பீப் வராமல் மெஷின் ஒற்றை இரைச்சலோடு நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், எங்கோ ஷார்ட்.

மெஷினுக்குள் எம்எம்எஃப்எஸ் ரோம் (கார்டை டிஸ்க் மாதிரிப் படிக்க வைக்கும் மென்பொருள்) தேவை, யூசர் போர்ட்டுக்கான பதிப்பு. 27128 ஈப்ரோம் ஐசியில் எழுதுங்கள். கோப்பு 8 கிலோபைட்தான் என்றால் இரு பாதியிலும் அதையே எழுதிவிடுங்கள். சொருகும் இடம் கீபோர்டுக்கு அடியில் வலது கோடியில் உள்ள ஐசி101 சாக்கெட். முன்னுரிமை அதற்குத்தான், பழைய டிஸ்க் ரோம் இருந்தாலும் முந்திக்கொள்ளும். கார்டைப் புதிதாக ஃபார்மட் செய்து, டிஸ்க்குகள் அடங்கிய எம்எம்பி கோப்பை முதல் கோப்பாக நகலெடுங்கள். வேறு படமும் பாட்டும் இருந்த கார்டில் போட்டால் கோப்பு துண்டு துண்டாக விழும். எம்எம்எஃப்எஸ் அதைத் தொடர்ச்சியாகத்தான் படிக்கும், துண்டைத் தேடாது.

படிக்காவிட்டால்

மூடியைத் திறந்ததும் சாலிடரிங் ஐயனைத் தேடாதீர்கள், முதலில் வேறு கார்டைப் போட்டுப் பாருங்கள். இந்த அமைப்பில் சிஎஸ் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்கும், அது பிடிக்காத கார்டுகள் உண்டு. மூன்று வேறு கார்டும் படிக்கவில்லையென்றால் சர்க்யூட்டைப் பாருங்கள்.

ஒரு கார்டும் தெரியவில்லை, வோல்ட் எல்லாம் சரி என்றால்: சிபி1 இணைப்பு விட்டிருக்கும், அல்லது மோசியும் மிசோவும் இடம் மாறியிருக்கும். 4050 சூடாகிறது என்றால் பவரை 16-இல் கொடுத்திருக்கிறீர்களா, உள்ளீடு தொங்குகிறதா என்று பாருங்கள். டிஸ்க் பட்டியல் வருகிறது, பெரிய நிரலை ஏற்றும்போது பாதியில் நிற்கிறது என்றால் கேபிள் நீளம், அல்லது 9-ஆம் கம்பியின் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கும். 47 ஓமை 100 ஆக்கியும் பார்க்கலாம். கார்டைச் சொருகும்போதே மெஷின் ரீசெட் ஆகிறது என்றால் 47 மைக்ரோஃபாராட் இல்லை அல்லது திருப்பி வைத்திருக்கிறீர்கள். எப்படியும் மெஷினை அணைத்துவிட்டுக் கார்டு மாற்றுவதே பழக்கமாக இருக்கட்டும்.

மூடி திறந்திருக்கும்போது படிக்கிறது, மூடி முடுக்கியதும் படிக்கவில்லை என்றால் சர்க்யூட்டைக் குடைய வேண்டாம். மூடி ரெகுலேட்டர் காதைத் தொடுகிறது, இல்லையென்றால் முன்பலகை வளைந்து ஸ்லாட்டின் மேல் விளிம்பு கார்டை அழுத்துகிறது. கார்டின் முதுகில் புதிதாக ஒரு கீறல் கோடு விழுந்திருந்தால் இரண்டாவது. ஸ்லாட்டின் மேல் பக்கத்தை இன்னும் இரண்டு இழுப்பு ராவினால் சரியாகும்.